இணையம் வரவில்லை, லினக்ஸ், அவசரம்

சிப்புட்_ரவி:
வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கணினியில் நேற்று வரை நன்றாக வந்த இணையம் காலையிலிருந்து இல்லை. கேபிள் செருகும் இடத்தில் விளக்குகூட எரியவில்லை. கைப்பேசிக்கு வைஃபை வருகிறது. மகள் இன்று இரவுக்குள் பள்ளி வேலையை அனுப்ப வேண்டும். யாராவது உதவுங்கள்.

செம்பனைக்காட்டான்:
எந்த லினக்ஸ்? என்ன கார்டு?

இடிதாங்கி:
அண்ணே, நேற்று மாலை மழையா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், நெட்வொர்க் கார்டு கருகிவிட்டது. எங்கள் தோட்ட லயத்தில் ஒரே இடியில் தொலைக்காட்சியும் மோடமும் சேர்ந்து போயின.

சிப்புட்_ரவி:
டெபியன் 12. மழை பெய்தது. கார்டு மதர்போர்டிலேயே இருக்கிறது.

கணிமூத்தோன்:
கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு. எத்தனை முறை சொன்னாலும் யாரும் படிப்பதில்லை. 'எல்எஸ்பிசிஐ -என்என்கே', 'ஐபி லிங்க்' என்ற இரண்டு கட்டளைகளும் என்ன காட்டுகின்றன?

சிப்புட்_ரவி:
இணையம் இல்லாததால் ஒட்ட முடியாது, ஐயா. பார்த்து எழுதுகிறேன். ரியல்டெக் ஆர்டிஎல்8111, டிரைவர் ஆர்8169. கார்டின் பெயர் இஎன்பி4எஸ்0, ஸ்டேட் டவுன்.

ஈப்போ_தம்பி:
அதுதான் காரணம்! ஆர்8169 ஏறாதபடி பிளாக்லிஸ்ட் செய்துவிட்டு ஆர்8168 டிரைவரை நிறுவுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

கணிமூத்தோன்:
நேற்று வரை இதே டிரைவரில்தானே ஓடியது, தம்பி? ஒரே இரவில் எப்படி ஒத்துவராமல் போகும்?

செம்பனைக்காட்டான்:
கார்டு எல்எஸ்பிசிஐ பட்டியலில் தெரிகிறதே, பிறகு எப்படிக் கருகியிருக்கும்?

இடிதாங்கி:
கருகினாலும் பட்டியலில் தெரியும். கேபிள் பக்கத்துச் சிப் மட்டும் போயிருந்தால் பட்டியலில் கார்டு இருக்கும், விளக்கு மட்டும் எரியாது.

செம்பனைக்காட்டான்:
இப்போது ஃபைபர்தானே? கண்ணாடி இழையில் மின்னல் எப்படி வரும்?

இடிதாங்கி:
மோடத்தின் அடாப்டரைச் சுவரில்தானே செருகியிருக்கிறீர்கள்? அங்கே ஏறி, செம்புக் கேபிள் வழியாகக் கணினிக்கு வரும். பழைய லய வீடுகளில் எர்த் கம்பி எந்த நிலையில் இருக்கிறதென்று போய்ப் பாருங்கள்.

செம்பனைக்காட்டான்:
எல்லா வீட்டையும் உங்கள் லயம் என்று நினைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

தைப்பிங்_கலா:
சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரவி அண்ணே, நேற்று கணினியைத் திறந்து ஏதாவது மாட்டினீர்களா?

சிப்புட்_ரவி:
இரவு மச்சான் வந்து கூடுதல் சேமிப்புக்கு எம்.2 எஸ்எஸ்டி ஒன்று போட்டுக்கொடுத்தார். அதற்கும் இணையத்திற்கும் என்ன சம்பந்தம்?

தைப்பிங்_கலா:
நிறைய இருக்கிறது. இஎன்பி4எஸ்0 என்பதில் 4 என்பது மதர்போர்டில் கார்டு இணைந்திருக்கும் தடத்தின், அதாவது பிசிஐ பஸ்ஸின், எண். புதிதாக ஒன்றைச் செருகினால் அந்த எண்கள் நகரக்கூடும். நேற்று வரை உங்கள் கார்டு இஎன்பி3எஸ்0 ஆக இருந்திருக்கும். இணைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் இல்லாத டெபியன் என்றால் /இடிசி/நெட்வொர்க்/இன்டர்பேசஸ் கோப்பில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கும். புதிய பெயரில் உள்ள கார்டை யாரும் எழுப்பவில்லை, அதனால்தான் விளக்கும் எரியவில்லை. கோப்பில் இரண்டு இடங்களிலும் 3ஐ 4 ஆக்கிவிட்டு 'இஃப்அப் இஎன்பி4எஸ்0' என்ற கட்டளையைக் கொடுங்கள். பூதக்கண்ணாடி வைத்துக் கார்டில் கருகல் தேட வேண்டாம்.

கணிமூத்தோன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 2013இல் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு வந்து இந்தப் பெயர்முறையைக் கொண்டுவந்ததிலிருந்து இதே தொல்லை. கார்டின் பெயர் வெறும் இத்0 என்று இருந்தபோது நிம்மதியாக இருந்தோம்.

தைப்பிங்_கலா:
ஒரே கார்டு வைத்திருந்தவர்களுக்கு நிம்மதி. இரண்டு இருந்தால் இத்0 எது, இத்1 எது என்று ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்து, பெயரைக் கட்டிவைக்கும் ஒரு லிங்க் கோப்பு எழுதினால் இந்தப் பெயரும் நகராது.

சிப்புட்_ரவி:
வந்துவிட்டது. மகள் அனுப்பிவிட்டாள். எல்லாருக்கும் நன்றி.

ஈப்போ_தம்பி:
ஆர்8168 போட்டீர்களா, அண்ணே?

செம்பனைக்காட்டான்:
எதைச் செய்து சரியானது என்று ஒரு வரி எழுதுங்கள், ரவி. அடுத்தவருக்கு உதவும்.

பீடோர்_வாசகன்:
எனக்கும் இதே பிரச்சினை. விளக்கு எரியவில்லை. யாராவது உதவுங்கள்.

கணிமூத்தோன்:
எந்த லினக்ஸ்? என்ன கார்டு?