ஃப்ளை கட்டத் தொடங்குகிறேன்: எந்த இறகை, எந்த உரோமத்தை முதலில் வாங்குவது?

கிரெடிட்கரை (பிராம்ப்டன், ஒன்டாரியோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு பருவங்களாகக் கிரெடிட் ஆற்றில், பெரும்பாலும் ஃபோர்க்ஸ் பகுதியில், பிரவுன் ட்ரவுட்டைப் பிடித்து மீண்டும் நீரிலேயே விட்டு வருகிறேன். இதுவரை கடையில் வாங்கிய ஃப்ளைகளையே (பூச்சிபோல் தோன்ற இறகும் உரோமமும் கட்டிய தூண்டில் முட்களையே) பயன்படுத்தினேன். மரக்கிளைகளுக்கு நான் காணிக்கை செலுத்திய ஃப்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு, இந்தக் குளிர்காலத்தில் நானே கட்டிப் பழகலாம் என்று முடிவு செய்து, தொடக்கநிலைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் இருபதுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் இருந்தன. பாதிக்குமேல் எதற்கு என்றே தெரியவில்லை. நீரின்மேல் மிதக்க வேண்டிய ஃப்ளைக்கு அதிலிருந்த சேவல் இறகைச் சுற்றினால், தண்டு முறுக்கிக்கொண்டு இழைகள் நாலாபுறமும் சாய்கின்றன. நூலும் அடிக்கடி அறுகிறது.

என் கேள்விகள் மூன்று. முதலாவது, தென் ஒன்டாரியோவின் ஓடைகளுக்கு உண்மையிலேயே தேவையான பொருள்கள் எவை? இரண்டாவது, சேவலின் கழுத்துத் தோலை முழுதாக வாங்குவதா, பாதியாக வாங்குவதா, அல்லது முதுகிறகு போதுமா? மூன்றாவது, அடுத்த மாதம் மதுரையிலிருந்து வரும் என் மாமா, மயிற்பீலியும் நாட்டுச் சேவலின் கழுத்திறகும் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். கொண்டுவரச் சொல்லலாமா?

பழைய_வைஸ் (குவெல்ஃப், ஒன்டாரியோ) எழுதியது:

தம்பி, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்குத்தான் அவசரம். மாமாவிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். இந்தியாவிலிருந்து மயிற்பீலியை ஏற்றுமதி செய்வதற்குத் தடை உள்ளது. உதிர்ந்த பீலிதானே என்ற வாதம் விமான நிலையத்தில் எடுபடாது. நாட்டுச் சேவலின் இறகும் விலங்குப் பொருளாகையால், கனடா எல்லையில் அதை அறிவித்தே ஆக வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவியிருக்கும் காலத்தில், பதப்படுத்தாத தோலோடு கூடிய இறகை அதிகாரிகள் உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ஃப்ளை கட்டுவதற்கான பீலி இங்கே எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும்.

இனி உங்கள் சேவல் இறகைப் பற்றி. பெட்டிகளில் வரும் இறகுகள் பெரும்பாலும் தண்டு தடித்தவை, இழைகளின் அடியில் மென்மையான சவ்வு நிறைந்தவை. அந்தச் சவ்வு நீரை உறிஞ்சும், மிதப்பைக் கெடுக்கும். தண்டு நேராகவும் மெல்லியதாகவும் இல்லாவிட்டால், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் முறுக்கத்தான் செய்யும். ஆகவே குற்றம் உங்கள் விரலில் இல்லை. இதற்கென்றே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட சேவல்களின் இறகை வாங்குங்கள். கழுத்துத் தோலில் தலைப்பக்கம் மிகச் சிறிய இறகும் கீழே வரவரப் பெரிய இறகும் இருக்கும் என்பதால், பல அளவு முட்களுக்கு ஒரே தோல் பயன்படும். முதுகிறகோ நீளமானது, ஒரே இறகில் பல ஃப்ளைகள் கட்டலாம், ஆனால் ஓரிரண்டு அளவுகளுக்கு மேல் அது உதவாது. தொடங்குபவருக்கு என் பரிந்துரை, கறுப்பு வெள்ளை வரியிட்ட பாதிக் கழுத்தும் பழுப்புநிறப் பாதிக் கழுத்தும். 1922இல் மிச்சிகனில் பிறந்த ஆடம்ஸ் ஃப்ளைக்கு இந்த இரண்டும்தான் வேண்டும். ஆடம்ஸ் எந்தப் பூச்சியையும் அப்படியே நகலெடுப்பதில்லை, ஆனால் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒத்திருக்கும். கிரெடிட் ஆற்றிலும் கிராண்ட் ஆற்றிலும் 14, 16ஆம் எண் முட்களில் அதைக் கட்டி வைத்துக்கொண்டால் பருவத்தின் பாதியை ஓட்டிவிடலாம். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். என்னிடம் பழக வந்த எல்லோரும் முதல் மாதத்தில் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

மற்றபடி முயலின் முகத்தோல், பெசன்ட் கோழியின் வால் இறகு, மயிற்பீலி, எல்க் உரோமம், கறுப்பும் ஆலிவ் நிறமும் கொண்ட மரபூ, நடுத்தரச் செப்புக் கம்பி ஆகியவை போதும். மரபூ என்பது பெயரளவில்தான் நாரை இறகு. இன்று விற்பது வான்கோழியின் இறகே. முயல் உரோமத்தை நூலில் உருட்டி உடல் செய்வதை டப்பிங் என்பார்கள், திரைப்படக் குரல் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. மயிற்பீலியின் இழை அழகானது, ஆனால் ஒரு ட்ரவுட்டின் பல் பட்டாலே அறுந்துவிடும். அதை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுங்கள், அல்லது மேலே செப்புக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றுங்கள்.

நூல் அறுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. பாபினின் (நூற்கண்டைத் தாங்கும் கைக்கருவியின்) குழாய் வாயில் பிசிர் இருக்கலாம், நூல் முள்ளின் நுனியில் உரசியிருக்கலாம், அல்லது நீங்கள் தேவைக்கு மேல் இழுக்கலாம். குழாய் வாயில் பஞ்சை வைத்துத் திருகிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் பிசிர் இருக்கிறது.

வில்லாற்றான் (கால்கரி, ஆல்பர்ட்டா) எழுதியது:

பழைய_வைஸ் ஐயா சொன்ன பட்டியலை ஏற்கிறேன். ஆனால் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். தொடங்குபவருக்கு மிதக்கும் ஃப்ளைதான் மிகக் கடினம். சேவல் கழுத்துத்தான் விலையும் அதிகம். போ ஆற்றில் நான் பிடிக்கும் மீன்களில் பெரும்பகுதி நீருக்கடியில் நிம்ஃபைத்தான் (நீர்ப்பூச்சியின் இளநிலையைப் போன்ற, மூழ்கும் ஃப்ளையைத்தான்) எடுக்கிறது, ட்ரவுட் எங்கேயும் தன் உணவில் பெரும்பகுதியை மேற்பரப்புக்குக் கீழேதான் உண்கிறது. ஆகவே முதல் குளிர்காலத்தில் முயல்காது நிம்ஃபையும், பெசன்ட் வால் நிம்ஃபையும், மரபூ வால் கொண்ட வூலி பக்கரையும் தலா இரண்டு டஜன் கட்டிவிட்டு, அதன் பிறகு சேவல் கழுத்துக்குப் போகலாம். பெசன்ட் வால் நிம்ஃபைக் கண்டுபிடித்த இங்கிலாந்துக்காரர் ஃபிராங்க் சாயர், நூலையே விட்டுவிட்டு வெறும் செப்புக் கம்பியால் அதைக் கட்டினார். கம்பியே எடை, கம்பியே கட்டு. நூல் அறுகிறது என்று வருந்துபவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

எடையைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பழைய பெட்டிகளில் ஈயக் கம்பிச் சுருள் இருக்கும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைவான ஈயத் தூண்டில் பொருள்களுக்குத் தடை உள்ளது. ஈயம் சுற்றிய ஃப்ளையும் அதில் அடங்கும். ஈயத்தை விழுங்கும் லூன் பறவைகள் நஞ்சேறி இறப்பதே தடைக்குக் காரணம். பூங்காவுக்குள் மீன்பிடிக்க மாகாண உரிமம் செல்லாது, தனி அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். நான் ஈயத்தை முற்றாக விட்டுவிட்டு டங்ஸ்டன் மணிகளுக்கு மாறிவிட்டேன். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியானது, ஆகவே சிறிய மணியே விரைவாக மூழ்கும்.

இன்னொன்று. 2016இல் பான்ஃப் தேசியப் பூங்காவின் ஜான்சன் ஏரியில், ட்ரவுட், சால்மன் இன மீன்களைத் தாக்கும் சுழல்நோய் கனடாவில் முதன்முறையாக உறுதி செய்யப்பட்டது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில், ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும் முன் காலணியையும் வலையையும் கழுவி உலர்த்துவது பழக்கமாகிவிட்டது. ஈர ஃப்ளையைப் பெட்டியில் அப்படியே அடைத்து வைக்காமல் உலர்த்துங்கள். நோய்க்கு மட்டுமல்ல, முள் துருப்பிடிக்காமல் இருக்கவும் அது உதவும்.

ஏரிக்காற்று (காம்லூப்ஸ், பிரிட்டிஷ் கொலம்பியா) எழுதியது:

ஆற்றுக்காரர்கள் எல்லோரும் இறகையே பேசுகிறீர்கள். எங்கள் ஏரிகளில் ரெயின்போ ட்ரவுட்டின் தொண்டைக்குழாயிலிருந்து எடுத்துப் பார்த்தால், வசந்தத்தில் நூற்றுக்கணக்கான கைரோனோமிட் (கொசுவைப் போன்ற, கடிக்காத பூச்சி) கூட்டுப்புழுக்கள்தான் வரும். அவற்றைக் கட்ட இறகே வேண்டாம். வளைந்த முள், மெல்லிய நூல், வெள்ளிநிறப் பளபளப்பு நாடா, சிவப்புக் கம்பி, வெள்ளை மணி ஆகியவையே போதும். மணிதான் அப்பூச்சியின் செவுள் வெண்மையைக் காட்டும். ஏரியின் அடித்தரைக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் மேலே, மிதப்பானின் கீழே அசையாமல் தொங்கவிட வேண்டும். இது மீன்பிடிப்பா, தவமா என்று என் மனைவி கேட்பதுண்டு. ஃபோர்க்ஸ் ஓடைக்கு இது நேரடியாக உதவாது என்றாலும், கை பழகுவதற்கு இதைவிட எளிய ஃப்ளை இல்லை. உடலைச் சீராகக் குறுக்கிக்கொண்டு வருவதும் கம்பியைச் சம இடைவெளியில் சுற்றுவதும் இதில்தான் படியும்.

எங்கள் மாகாணத்து ஆறுகளிலும் ஓடைகளிலும், நுனியின் எதிர்க்கூர் இல்லாத முள்ளையே பயன்படுத்த வேண்டும். எதிர்க்கூருள்ள முள்ளை வாங்கியிருந்தால், கட்டுவதற்கு முன்பே இடுக்கியால் அதை நசுக்கிவிடுங்கள். கட்டி முடித்தபின் நசுக்கினால் முள் உடையக்கூடும், அரைமணி நேர உழைப்பும் அதோடு போகும்.

கிரெடிட்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மாமாவிடம் சொல்லிவிட்டேன், சேவலைக் குழம்பு வைத்துவிடுவதாகச் சொன்னார். பாபின் குழாயில் பஞ்சு சிக்கியது, எனவே புதிய பாபின் வாங்கிவிட்டேன். வில்லாற்றான் சொன்னபடி நிம்ஃபிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நண்பர் ஒருவர் இலையுதிர்காலத்தில் வேட்டையாடிய வெள்ளைவால் மானின் வாலையும் தோல் துண்டு ஒன்றையும் தருவதாகச் சொல்கிறார். அது உதவுமா? கடற்கரைப் பூங்காவில் கிடந்த பெரிய நாரை இறகு ஒன்றைப் படம் எடுத்தேன், எடுத்து வரவில்லை. எடுத்திருக்கலாமா?

மிரமிச்சி_மான் (ஃபிரெடெரிக்டன், நியூ பிரன்ஸ்விக்) எழுதியது:

படம் எடுத்ததோடு நின்றது நல்லது. பெரிய நீலநாரை, 1994ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அந்த இறகு தேவைப்படும் பழைய சால்மன் ஃப்ளைகளை, நீலக்காதுப் பெசன்ட்டின் இறகைக் கொண்டே இன்று கட்டுகிறார்கள்.

மான் தோல் கிடைத்தால் உடனே வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் எங்கள் மிரமிச்சி ஆற்றின் சால்மன் ஃப்ளைகளான பாம்பரும் கிரீன் மெஷினும் முழுக்க முழுக்க அதில்தான் நிற்கின்றன. மானின் உடல் உரோமத்தின் உள்ளே காற்றறைகள் உள்ளன. நூலை இறுக்கினால் அது நசுங்கி, முள்ளைச் சுற்றி விசிறிபோல் விரிந்து நிற்கும். அடுத்தடுத்து நெருக்கமாக அப்படி அடுக்கி, கத்தரிக்கோலால் சுருட்டு வடிவில் செதுக்கினால் பாம்பர். குளிர்காலத்து உரோமம் தடித்திருப்பதால் நன்றாக விரியும். கோடைக்கால உரோமம் மெலிந்தது, விரியாது. வாலின் உரோமம் வேறு மாதிரி: நுனிப்பகுதியில் கெட்டியாக இருப்பதால் அது விரியாமல் நேராகப் படுக்கும், எனவே சிறுமீன் வடிவ ஃப்ளைகளுக்கே அது ஏற்றது. சிவப்பும் மஞ்சளுமான மிக்கி ஃபின் அந்த வகைதான். அதற்கு அப்பெயரைச் சூட்டியவர் டொரொன்டோ பத்திரிகையாளர் கிரெகரி கிளார்க். கரிபூ உரோமம் மானைவிட எளிதாக விரியும், ஆனால் நொறுங்கும். மூஸ் உரோமம் விறைப்பானது, மிதக்கும் ஃப்ளையின் வாலுக்கு அதை வைக்கலாம்.

மான் உரோமத்தை விரிக்கும்போது இரண்டு தவறுகள் வழக்கமாக நேரும். ஒன்று, அடியிலுள்ள பஞ்சு உரோமத்தைச் சீவி எடுக்காமல் விடுவது; அது நூலைப் பற்றிக்கொண்டு உரோமத்தைச் சுழல விடாது. மற்றொன்று, பென்சில் தடிமனுக்கு மேல் ஒரே பிடியில் வைப்பது. சாதாரண நூல் இதற்குத் தாங்காது, ஜெல்ஸ்பன் நூல் வாங்குங்கள். விரலை அறுக்கும் அளவுக்கு அது வலுவானது, மிகையாகச் சொல்லவில்லை.

நண்பர் தரும் பச்சைத் தோலை நேராகப் பெட்டியில் வைக்காதீர்கள். வாலிலிருந்து எலும்பை நீக்கி, கொழுப்பைச் சுரண்டி, போராக்ஸ் தடவி, நன்றாக உலரவிடுங்கள். பிறகு நெகிழிப் பையில் அடைத்து உறைபெட்டியில் இரண்டு வாரம், வெளியே சில நாள், மீண்டும் இரண்டு வாரம். முதல் உறைவில் தப்பிய அந்துப்பூச்சி முட்டைகள் வெளியே இருக்கும் நாள்களில் பொரிந்தால், இரண்டாவது உறைவில் அழியும். இதைச் செய்யாமல் ஒரே ஒரு அணில் வாலைப் பெட்டிக்குள் போட்ட ஆண்டில், ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்த பெசன்ட் தோல்களையும் இரண்டு சேவல் கழுத்துகளையும் அந்துப்பூச்சிக்கு இரையாக்கினேன். திறந்து பார்த்தபோது தோல் இருந்தது, இறகுகள் தூளாகக் கீழே கிடந்தன.

எல்லை தாண்டி மெய்னுக்கோ மிச்சிகனுக்கோ போவதாக இருந்தால், சீல் உரோமத்தால் உடல் கட்டிய ஃப்ளைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். இங்கே அது சட்டப்படியான பொருள். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கடற்பாலூட்டிகள் சட்டம் குறுக்கே நிற்கும். அங்கோரா ஆட்டு உரோமம் ஏறக்குறைய அதே மினுக்கத்தைத் தரும்.

மதுரையைக் குறிப்பிட்டீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். பழைய சால்மன் ஃப்ளைகளின் கன்னத்தில் மெழுகுத் துளிபோல் மின்னும் ஜங்கிள் காக் இறகு, நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியுடையது. இன்று கடைகளில் சட்டப்படி விற்பது கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகு. பழம்பாடல்களில் கானக்கோழி என்று படித்ததை, நியூ பிரன்ஸ்விக்கின் ஒரு நிலவறையில் வைஸின் (முள்ளைப் பற்றிப் பிடிக்கும் கருவியின்) முன் அமர்ந்து கையில் பிடித்தபோது எனக்குச் சற்று நேரம் வேலை ஓடவில்லை.

கிரெடிட்கரை எழுதியது:

நேற்றிரவு பன்னிரண்டு முயல்காது நிம்ஃப்கள் முடிந்தன. ஐந்தில் முள்ளின் கண் நூலால் அடைபட்டு, தூண்டில் நரம்பு நுழையவில்லை. ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை பருவம் தொடங்குவதற்குள் இது சரியாகுமா?

பழைய_வைஸ் எழுதியது:

ஆகும். முதல் சுற்றைக் கண்ணை ஒட்டித் தொடங்காமல், கண்ணின் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள்; கடைசி முடிச்சு வரை அந்த இடத்திற்குள் எதையும் கொண்டுவராதீர்கள். அந்த ஐந்தையும் எறிய வேண்டாம். சூடாக்கிய ஊசியால் கண்ணில் குத்தினால் நூலும் பசையும் உருகி வழிவிடும்.