தோட்டத்துச் சொந்தங்கள் குழு: வெள்ளிக்கிழமை பகல்

12.41 நானுஓயா அக்கா: தம்பி, ரயில் ஏறிட்டியா? ஒபிஸ் போன்ல மூணாவது ஆளைச் சேர்க்க ஏலாம கிடக்கு. கொன்பரன்ஸ் பட்டனை அமத்தினா "முடிக்க ஏலாது"னு இங்கிலீசுல ஒரு வரி காட்டிட்டு நிக்குது. பெரிய துரை காலையிலயிருந்து என் உசிர வாங்குறார்

12.42 சித்தி: ரயில்ல இறால் வடை வந்தா எனக்கு ரெண்டு எடுத்துட்டு வா

12.44 தலவாக்கலை தம்பி: வட்டவளை தாண்டிட்டேன். வடை நாவலப்பிட்டியிலயே முடிஞ்சுது சித்தி. அக்கா, ரெண்டு பேர் கதைக்கிறது ஒழுங்கா இருக்கா?

12.45 நானுஓயா அக்கா: அது தெளிவா இருக்கு. கொழும்பு ஹெட் ஒபிஸ்ல கேட்டா போனைக் கழட்டி மாட்டச் சொல்றாங்க. நாலு தரம் கழட்டி மாட்டிட்டேன்

12.46 தலவாக்கலை தம்பி: போன்ல குறை இல்ல. கொழும்புக்காரங்க உங்களை ஹோல்டுல போட்டா என்ன கேக்குது? பாட்டா, பீப் பீப்பா, சத்தமே இல்லியா?

12.48 நானுஓயா அக்கா: பீப் தான். முந்தி வீணை மாதிரி ஒண்ணு வரும்

12.48 கிளாக்கர் மாமா: பொய் சொல்லாத. முந்தாநாள் தோட்டத்து நம்பருக்கு எடுத்தேன், நீ ஹோல்டுல போட்ட, எனக்கு வீணை வந்துச்சே!

12.50 தலவாக்கலை தம்பி: மாமா, இது தான் எனக்கு வேணும். அக்கா சொல்றதும் சரி நீங்க சொல்றதும் சரி. வெளி ஆள் எடுக்கிற கோல் கொழும்பு வழியாத் தான் தோட்டத்துக்கு வருது. நீங்க ஹோல்டுல நிக்கிறது கொழும்பு வாசல்ல, பாட்டு சேர்வருக்கு பக்கத்து வீடு. அக்கா நிக்கிறது மலை மேல. பாட்டு அந்த ஒடுக்க லைன்ல ஏறி வரணும்

12.51 தலவாக்கலை தம்பி: சத்தமே இல்லாட்டி வேற வியாதினு பார்ப்பேன், பாட்டு கிளம்பி வழியில தொலையுதுனு. பீப்னா பாட்டு போட ஆளே கிடைக்கல

12.53 சின்னவன்: சேர்வர் ஒண்ணு தானே அண்ணே, ஏன் கிடைக்காது?

12.56 தலவாக்கலை தம்பி: பாஷை வேற. கொழும்புக்குள்ள ஜி 711னு ஒரு கோடெக், அதாவது குரலை டிஜிட்டலா மாத்துற முறை. குரல் மட்டும் செக்கனுக்கு 64 கிலோபிட், பாக்கெட் மேல ஒட்டுற விலாசத் தலைப்புகளோட 80. மலைக்கு ஏறுற கோலுக்கு ஜி 729. குரல் 8, தலைப்போட 24. லைன் எவ்வளவு அக்கா, 512 தானே? 80 கணக்குல 6 கோலோட மூச்சு முட்டிடும். 24 கணக்குல 21 கோல் போகும். அதான் அப்படி வச்சிருக்காங்க

12.57 தலவாக்கலை தம்பி: ரெண்டு பேர் கதைக்கிறப்ப குரல் போனுக்குப் போன் நேரா ஓடும். சேர்வர் கல்யாணத் தரகர் மாதிரி, சேர்த்து வச்சிட்டு ஒதுங்கிடும். மூணாவது ஆள் வந்தா மூணு குரலையும் கலக்க நடுவுல ஒரு ஆள் வேணும், பிரிட்ஜ்னு சொல்றது. சேர்வர்ல சும்மா கிடைக்கிற பிரிட்ஜுக்கு ஜி 711 தான் தெரியும், 729 விளங்காது. நடுவுல மொழிபெயர்க்க ட்ரான்ஸ்கோடர் நிக்கணும். பாட்டுக்கும் அதே கதை

12.59 கிளாக்கர் மாமா: எங்க காலத்துல பிளக் போர்டுல மூணு வயர சொருகினா முடிஞ்சுது. யார் என்ன கதைக்கிறாங்கனு நானும் கேட்டுக்கிட்டு இருப்பேன்

13.00 சித்தி: அதனால தான் அந்தத் தோட்டத்துல ஒரு ரகசியமும் நிக்கல

13.01 தலவாக்கலை தம்பி: 😂 மாமா தான் அப்ப பிரிட்ஜு. அக்கா, போனை எடுத்து கொழும்புல யாரோடயாவது கதைச்சுக்கிட்டே கேள்விக்குறி பட்டனை ரெண்டு தரம் அமத்துங்க. ரிசீவர் கோடெக்னு இருக்கிற வரியைப் படிங்க

13.08 நானுஓயா அக்கா: ஜி 729. ரெண்டு பக்கமும். லொஸ்ட்னு இருக்கிற இடத்துல 0

13.09 தலவாக்கலை தம்பி: பாக்கெட் ஒண்ணும் தொலையல, லைன் சுத்தம். அப்ப ட்ரான்ஸ்கோடர் தான் செத்திருக்கு. அது ரவுட்டருக்குள்ள தான் இருக்கும். சித்திரை இடி மழையில உங்க ரவுட்டர் எரிஞ்சுதுனு சொன்னீங்களே, புதுசு போட்டது யார்?

13.12 நானுஓயா அக்கா: கொழும்புல இருந்து ஒரு பையன் வந்து அரை மணித்தியாலத்துல மாட்டிட்டு போனான். தேத்தண்ணி கூட குடிக்கல

13.13 தலவாக்கலை தம்பி: பழசு எங்க?

13.31 தலவாக்கலை தம்பி: அக்கா? ஹட்டன் விட்டாச்சு, சிங்கமலை சுரங்கத்துக்குள்ள போகப்போறேன், சிக்னல் போகும்

13.38 நானுஓயா அக்கா: ஸ்டோர் ரூம்ல தேயிலை சாக்குக்குப் பின்னால இருந்துச்சு. மேல ஒரு விரல் தடிப்புக்கு தேயிலைத் தூசி. எடுத்துத் துடைக்கவே அரை உசிர் போயிட்டு. தேயிலை ஆலை டீமேக்கர் ஐயா ரவுட்டர் மூடியைக் கழட்டினார், உள்ள கம்பியூட்டர் ரேம் மாதிரி ஒரு பச்சைக் காட்டு (card) நிக்குது. போட்டோ போட்டிருக்கேன்

13.46 தலவாக்கலை தம்பி: கொட்டகலை. இப்ப தான் போட்டோ ஏறுது. அதே தான்! அது டிஎஸ்பி காட்டு. மொழிபெயர்க்கிறது, கலக்கிறது எல்லாம் அதுல தான். புது ரவுட்டர்ல அதை மாத்தவே இல்ல. மூளையைப் பழைய மண்டையிலயே விட்டுட்டான்

13.47 சின்னவன்: அண்ணே நீங்களே போய் மாட்டிடுங்க

13.49 தலவாக்கலை தம்பி: வேற கொம்பனி சாமான், நான் கை வைக்க ஏலாது. அக்கா, இப்படியே எழுதி அனுப்புங்க: "ரவுட்டர் மாத்தின நாள்ல இருந்து ட்ரான்ஸ்கோடர் பதிவாகல. டிஎஸ்பி காட்டு பழைய ரவுட்டர்ல இருக்கு." காட்டை மாட்ட முந்தி ரவுட்டரை ஓஃப் பண்ணணும், சூட்டோட சொருகக் கூடாது. மாட்டினதும் ரவுட்டர்ல கொடுக்கிற பேரும் கால் மேனேஜர்ல, அதாவது கொழும்பு போன் சேர்வர்ல, இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கணும். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் பதிவாகாது. இதுல நானே ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன்

13.51 தலவாக்கலை தம்பி: அதுவரைக்கும் தோட்டத்துக்கும் கொழும்புக்கும் நடுவுல 711 விடச் சொல்லுங்க. கொன்பரன்ஸும் வரும் பாட்டும் வரும். ஆனா ஒரே நேரத்துல 6 கோலுக்கு மேல எடுத்தா "பேண்ட்வித் இல்ல"னு திருப்பி அனுப்பும். அது பழுது இல்ல, துரைகிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க. கொழுந்துக் கணக்கு அனுப்புற நேரம் குரல் கொஞ்சம் திக்கலாம்

13.53 நானுஓயா அக்கா: ஒரு வேடிக்கை கேளு. துரை, டீமேக்கர், நான் மூணு பேரும் ஒரே கட்டடம். அதுக்கும் கொழும்பா?

13.54 தலவாக்கலை தம்பி: பிரிட்ஜு சேர்வர்ல இருந்தா ஆமா. மூணு குரலும் கொழும்பு இறங்கி, கலந்து, திரும்ப மலை ஏறும். 711ல ஆளுக்கு 80 படி 240 கிலோபிட் பாழ். காட்டை மாட்டினா அதுலயே ஒரு பிரிட்ஜு செஞ்சு, உங்க போன்கள் பிரிட்ஜு தேடுற ரிசோர்ஸ் பட்டியல்ல அதை முதலாவதா போடச் சொல்லுங்க

13.55 கிளாக்கர் மாமா: ஒரே கட்டடத்துல இருந்தா எழும்பிப் போய் கதைங்களேன்

13.57 தலவாக்கலை தம்பி: தலவாக்கலை. இறங்கிட்டேன். நல்ல மழை. குடையோட யாராச்சும் வாங்க

திங்கள்

10.20 நானுஓயா அக்கா: காட்டு மாட்டியாச்சு. அதே பையன் தான் வந்தான். இந்தத் தரம் தேத்தண்ணி குடிச்சான். கொன்பரன்ஸ் வேலை செய்யுது. பீப் நின்னுட்டு, வீணை வருது, ஆனா தகரக் கூரையில மழை பெய்யிற மாதிரி

10.24 தலவாக்கலை தம்பி: 729ல பாட்டு அப்படித் தான் கேக்கும் அக்கா. அது பேச்சுக்குச் செஞ்ச கோடெக்

10.41 கிளாக்கர் மாமா: எனக்கு நல்லாத் தான் கேக்குது. பத்து நிமிசமா ஹோல்டுல நிக்கிறேன், யாராவது எடுங்களேன்