கேம்கார்டர் கேசட்டை எடிட்டிங்குக்குத் தயார் செய்தது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ராயபுரம்:
அக்கா கல்யாணம் 2003இல் திருவொற்றியூரில் நடந்தது. மாமா எடுத்த மினிடிவி (MiniDV, கேம்கார்டரில் போடும் சின்ன டிஜிட்டல் டேப்) கேசட்டுகள் பீரோவில் இருந்தன. நல்ல இடங்களை மட்டும் தொகுத்து அக்கா பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.

முதலில் ஒரு கடையில் கொடுத்தோம். டிவிடியாகப் போட்டுத் தந்தார்கள். பார்க்கச் சரி, எடிட் செய்யத்தான் தகராறு. ஒரு மணி நேரக் கேசட்டில் இருப்பது சுமார் 13 ஜிபி. சாதாரண டிவிடி கொள்வது 4.7 ஜிபி. எம்பெக்-2 என்ற வீடியோ முறையில் சுருக்கினால்தான் உள்ளே போகும். கேசட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் (வீடியோவில் உள்ள ஒவ்வொரு படமும்) தனித்தனியாக முழுசாக இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். எம்பெக்-2வில் அவ்வப்போது ஒரு முழு ஃபிரேம், இடையில் உள்ளவற்றுக்கு மாற்றங்கள் மட்டும். நடுவில் வெட்டினால் மறுபடி என்கோட் ஆகும், அதாவது இன்னொரு முறை சுருக்கப்படும், படம் இன்னும் மங்கும்.

அதனால் கேசட்டிலிருந்தே எடுத்தேன். கேமராவில் யுஎஸ்பி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், பல மாடல்களில் அது ஃபோட்டோவுக்குத்தான். கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புதான் வழி. சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் டெஸ்க்டாப்புக்கு ஒரு ஃபயர்வயர் கார்டும், ஒரு பக்கம் 4 பின், மறுபக்கம் 6 பின் உள்ள கேபிளும் வாங்கினேன். யுஎஸ்பியை ஃபயர்வயராக மாற்றும் குட்டி அடாப்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள், வாங்காதீர்கள், வேலை செய்யாது. வின்டிவி (WinDV) என்ற இலவச மென்பொருளில் ஏவிஐ வீடியோ கோப்பாக ஏற்றினேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் கேசட்டில் உள்ள தரவு அப்படியே வருகிறது, தரம் துளியும் குறையாது.

கம்ப்யூட்டரில் பார்த்தால் தவில்காரர் கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். பயப்பட வேண்டாம். இன்டர்லேஸ் படம் அப்படித்தான், நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் ஒன்றுவிட்டு ஒரு கோடாகப் பிரித்த இரண்டு ஃபீல்டு, மொத்தம் 50 ஃபீல்டு. அப்படியே எடிட் செய்யுங்கள். கடைசியில் எம்பி4 ஆக்கும்போது மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் டீஇன்டர்லேஸ் (அந்தக் கோடுகளை நீக்கும் வசதி) கொடுத்து 50 ஃபிரேமாக எடுங்கள். 25 வைத்தால் அசைவில் அந்த வழவழப்பு போய்விடும். எந்த ஃபீல்டு முதலில் என்று மென்பொருள் வரிசை கேட்டால் மினிடிவிக்கு ‘லோயர் ஃபர்ஸ்ட்’. மாறிப்போனால் படம் வெட்டி வெட்டி ஓடும்.

பெரம்பூர்:
என்னிடம் இருப்பது மெமரி கார்டு கேமரா, ஏவிசிஎச்டி என்ற எச்டி வீடியோ முறையில் பதிவது. எம்டிஎஸ் என்று முடியும் வீடியோ கோப்புகளை மட்டும் எடுக்காமல் கார்டில் உள்ள ஃபோல்டர் முழுவதையும் நகலெடுங்கள். நீளமான ஷாட்டைக் கேமரா துண்டு துண்டாகச் சேமிக்கும். கேமராவோடு வந்த மென்பொருளில் சேர்த்தால் இணைப்பில் ஒலி விடுபடாது. எடிட்டர் எம்டிஎஸ்ஸை ஏற்காவிட்டால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில், உள்ளே உள்ள வீடியோவைத் தொடாத காப்பி முறையில் எம்பி4 உறைக்கு (கோப்பு வகைக்கு) மாற்றினால் போதும். என்கோட் செய்ய வேண்டியதில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

காசிமேடு:
ராயபுரம் அண்ணே, எங்கள் பக்கம் கடல் காற்று. கேசட் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. சுனாமிக்கு முன்னால் எங்கள் தெரு இருந்த விதம் அதில் மட்டும்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? அப்புறம், விண்டோஸ் 10இல் ஃபயர்வயர் கார்டு போட்டேன், கேமராவைக் காட்டவே இல்லை.

ராயபுரம்:
போடவே போடாதே தம்பி. பூஞ்சை கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடு. மற்றவற்றைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வை. கார்டுக்கு, லெகசி 1394 டிரைவரை (ஃபயர்வயருக்கான பழைய டிரைவர்) நிறுவி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அதைத் தேர்ந்தெடு. எனக்கு அப்படித்தான் வந்தது. வராவிட்டால் கேமராவோடு வீட்டுக்கு வா, இங்கேயே ஏற்றிவிடலாம்.