கலைச்சொல் தேவை: பயனர் கூட்டத்தை நம்பி நடக்கும் விற்பனை

செ.க., திருநெல்வேலி:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி வணிகவியல் மாணவர்களுக்கான பாடநூல் அச்சுக்குப் போகிறது, திங்கள்கிழமை கெடு. ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் இணையத்தில் தாமாகக் கூடுகிறார்கள், குறை சொல்கிறார்கள், திருத்தம் தருகிறார்கள், மற்றவர்களையும் வாங்கச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தையே நிறுவனம் தன் விற்பனைக்கு அடித்தளமாக்கிக்கொள்கிறது. இம்முறைக்கு 'சமூகவழிச் சந்தைப்படுத்தல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு, பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம். 'லெகோ ஐடியாஸ்' தளத்தில் ஒருவர் தம் வடிவமைப்பை இட்டு 10,000 பேரின் ஆதரவைப் பெற்றால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கிறது. அது கடைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 விழுக்காடு அவருக்கு. சொல் சரியா?

மு.அ., மதுரை:

அம்மா, 'சமூகம்' வேண்டாம். நம் செய்தித்தாள்களில் 'குறிப்பிட்ட சமூகத்தினர்' என்றால் சாதி என்றுதான் பொருள். முதல் வரியிலேயே மாணவருக்கு வேறு எண்ணம் ஓடும். 'குழுமம்' என்றாலும் இடறும். ஒரே முதலாளியின் பல நிறுவனங்களுக்கு அச்சொல் நிலைத்துவிட்டது. 'கூட்டுறவு' பக்கமே போக முடியாது, விற்பனைச் சங்கங்கள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. 'பயனர்வழிச் சந்தைப்படுத்தல்' என்று வையுங்கள்.

த.ச., யாழ்ப்பாணம்:

எங்களுக்குப் 'பாவனையாளர்' பழகிய சொல். கடைப்பொருளுக்கும் கணினிக்கும் அதையே எழுதுகிறோம். இரு கரைக்கும் பொதுவான நூல் என்றால் அதையும் எண்ணிப் பாருங்கள்.

மு.அ.:

இங்கே பாவனை என்றால் நடிப்பு, ஐயா. 'பாவனையாளர்' என்று படிக்கும் பிள்ளை, வாடிக்கையாளர்போல் நடிப்பவர் என்று எடுத்துக்கொள்ளும். 'பயனாளி'யும் ஆகாது. அது அரசு உதவி பெறுபவரைக் குறிக்கும்.

இ.பெ., தஞ்சாவூர்:

பாவனை, சமூகம் இரண்டுமே வடசொற்கள். இருக்கும் செல்வத்தை விட்டுவிட்டு ஏன் அலைகிறோம்? 'கேளிர்' இருக்கிறது. கேட்டல் என்னும் வினையும் கேள் என்னும் உறவுப் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை என்பது என் துணிபு. ஒருவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பவரே அவருக்குக் கேளிர். கேண்மையும் அங்கிருந்து வந்ததே. பயனர் பேச்சைக் கேட்கும் நிறுவனம் அவர்களுக்கு உறவாகிறது, லெகோவே சான்று. 1998இல் வந்த, எந்திரன் செய்து விளையாடும் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' கருவியை ஆர்வலர்கள் பிரித்து ஆராய்ந்து உள்ளே இருப்பதை வெளியிட்டார்கள். நிறுவனம் அவர்கள்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. அப்படிச் செய்யும் உரிமையை மென்பொருள் உரிமத்திலேயே எழுதிவைத்தது. சந்தையும் வேண்டாம், பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் கண்ட மொழி இது. 'கேளிர்வழி அங்காடியாக்கம்' என்று முன்மொழிகிறேன்.

மு.அ.:

வேர் ஒன்றா இரண்டா என்பதை அறிஞர்கள் முடிவு செய்யட்டும். தேர்வெழுதும் பிள்ளை 'கேளிர்' என்பதைக் 'கேளீர்' என்று படித்துத் திகைக்கும். தூய்மைக்காகப் புரிதலைப் பலியிடக் கூடாது. என் பெரிய மறுப்பு வேறு: எல்லா நிறுவனமும் கேளிரா? ரெட்டிட் என்னும் இணையக் கலந்துரையாடல் தளத்தைப் பாருங்கள். அதன் குழுக்களை ஊதியமின்றிக் காப்பவர்கள் மட்டுறுத்துநர்கள். அத்தளத்தைப் படிக்க வெளியார் ஆக்கிய செயலிகளுக்கு 2023இல் நிறுவனம் கட்டணம் அறிவித்தது. அவற்றில் ஒன்றான 'அப்பல்லோ'வை ஆக்கியவர் கணக்குப் போட்டதில், கட்ட வேண்டியது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் என்று வந்தது. அதை எதிர்த்து ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்தன. திறக்காவிட்டால் வேறு ஆட்களை அமர்த்துவோம் என்று நிறுவனம் மட்டுறுத்துநர்களை எச்சரித்தது. அம்மாத இறுதியில் அப்பல்லோ மூடப்பட்டது. கூட்டத்தால் வளர்ந்த நிறுவனம் அந்தக் கூட்டத்தையே நடத்திய விதம் இது. இதற்கும் சேர்த்துத்தான் நமக்குச் சொல் வேண்டும். உறவு என்று பெயரிலேயே சான்றிதழ் கொடுத்துவிட்டால் பாடத்தில் கேள்வி எழுப்ப இடமில்லாமல் போகும்.

வ.கோ., சென்னை:

இடையில் ஒன்று. 'மட்டுறுத்துநர்' என்று மு.அ. எழுதியதே சரி. ஓட்டுநர், பெறுநர், அனுப்புநர்போல வினைப்பகுதியோடு 'நர்' சேர்கிறது. இணையத்தில் பாதிப் பேர் 'மட்டுறுத்துனர்' என்று எழுதுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. 'பயனர்' அப்படியன்று, பயன் என்னும் பெயரோடு 'அர்' சேர்ந்தது, அங்கே றன்னகரமே ('ன') வரும். பாடநூல் இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

நா.வே., கோயம்புத்தூர்:

'பயனர்' சரி, 'வழி'யை ஏற்க மாட்டேன். பயனர் வழியாக என்றால் அவர் வெறும் வாய்க்கால், தண்ணீர் நிறுவனத்துடையது என்று ஆகிறது. இங்கே தண்ணீரே அவர்களுடையது. அமெரிக்கா ஆன்லைன் என்னும் இணையச் சேவை நிறுவனத்தின் அரட்டை அறைகளைக் கவனித்துக்கொண்ட தன்னார்வலர்கள், நாங்கள் செய்ததும் வேலைதான், கூலி வேண்டும் என்று 1999இல் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் 1.5 கோடி டாலர் உடன்பாட்டில் அது முடிந்தது. அவர்களை 'வழி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'பயனர் உழைப்புச் சந்தைப்படுத்தல்' என்போம்.

த.ச.:

உழைப்பு என்று போட்டால் லெகோவில் மகிழ்ந்து விளையாடுபவரை அது குறிக்காதே. 'ஆர்வலர்' பொருந்துமா?

மு.அ.:

ரெட்டிட்டில் கதவடைத்தவர் ஆர்வலர் மட்டுமா? கோபத்தோடு இருப்பவரும் பயனர்தான். 'பயனர்' போதும்.

செ.க.:

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானோர் 'பயனர்வழிச் சந்தைப்படுத்தல்' பக்கம். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். இ.பெ. ஐயாவின் கேளிர் எனக்கு மிகப் பிடித்த சொல், ஆனால் இந்தப் பாடத்தில் சேர்க்க இயலவில்லை. அமெரிக்கா ஆன்லைன் வழக்கையும் ரெட்டிட்டையும் லெகோவுக்கு அடுத்த பத்தியிலேயே வைத்துவிட்டேன்.

நா.வே.:

வைத்ததற்கு நன்றி, அம்மா. என் மறுப்பு அப்படியே இருக்கிறது; இன்னொன்றும் சேர்கிறது. காசு வாங்கிக்கொண்டு பயனர்போல் மதிப்புரை எழுதுகிறவர்களும் 'பயனர்வழி'க்குள் நுழைந்துவிடுவார்கள். இணைய மதிப்புரைகளுக்கென இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டதே இந்தத் தொல்லையால்தான். தாமாகச் சொன்னவரையும் கூலிக்குச் சொன்னவரையும் பிரித்துக்காட்டும் சொல் இன்னும் நம்மிடம் இல்லை. மறுபதிப்பு எப்போது வரும் என்று தெரிந்தால் சொல்லுங்கள், அதற்குள் ஒரு முன்மொழிவு அனுப்புகிறேன்.