ரீல்ம் சொற்பட்டியலில் எல்லாரும் முழு மதிப்பெண்: வேறு எந்தக் கருவி எடுப்பது?

கேள்வி (முதுநிலை மாணவி, சமுதாய மருத்துவம்)
சர்க்கரை ஓ.பி. நோயாளிகளின் ஹெல்த் லிட்டரசிதான் (உடல்நலத் தகவலைப் படித்துப் புரிந்து பயன்படுத்தும் திறன்) தீசிஸ். மருத்துவச் சொற்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லும் ஆங்கிலச் சோதனையான ரீல்ம் கருவியின் 66 சொற்களைத் தமிழாக்கி, சிலரிடம் முன்னோட்டமாக (பைலட்) பார்த்தேன். படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் ஏறக்குறைய முழு மதிப்பெண். அவர்களிடமே "வெறும் வயிற்று சர்க்கரைக்கு எப்போது ரத்தம் கொடுக்கணும்?" என்றால் தடுமாறுகிறார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். படிக்கத் தெரியாதவர்களும் நிறைய. எதை மாற்றுவது?

பதில் 1
மொழிபெயர்ப்பில் கோளாறு இல்லை மேடம், கருவியே தமிழுக்கு ஆகாது. ரீல்ம் சோதிப்பது உச்சரிப்பை மட்டும். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லிவிட முடியாது. சொல்லோடு முன்பே பழகியவர்தான் சரியாக வாசிப்பார். தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும், "கணையம்" என்று வாசித்துவிடலாம். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை.

ஸ்பானிஷிலும் இதே சிக்கல். அதற்காகத்தான் 2006-இல் சால்சா-50 என்ற 50 சொல் சோதனை வந்தது. சொல்லை வாசித்த பிறகு, அதோடு சேர்வது எது என்றும் சொல்ல வேண்டும். அந்த முறையில் நீங்கள் எழுதினால், "இன்சுலின்: சர்க்கரையா, காய்ச்சலா, தெரியாதா?" என்று வரும். வாசிப்பும் தொடர்பும் சரியானால்தான் 1 மதிப்பெண். "தெரியாது" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்; விட்டுவிட்டால் குருட்டாம்போக்கிலேயே பாதி சரியாகிவிடும். சால்சாவில் 50-க்கு 37-ம் அதற்குக் கீழும் எடுத்தால் ஹெல்த் லிட்டரசி போதாது என்று கணக்கு. அந்த எல்லையை உங்கள் பட்டியலுக்கு அப்படியே தூக்கி வராதீர்கள்.

கேட்டவர்
கைடு எஸ்-டோஃப்லா அல்லது நியூவெஸ்ட் வைட்டல் சைன் என்ற ஹெல்த் லிட்டரசிச் சோதனைகளில் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்.

பதில் 2
வைட்டல் சைன் மூன்று நிமிடத்தில் முடியும்: ஐஸ்கிரீம் டப்பா லேபிளைக் கையில் கொடுத்து ஆறு கேள்வி. ஒரு பரிமாறலுக்கு 250 கலோரி, டப்பாவில் நான்கு பரிமாறல், முழுவதும் சாப்பிட்டால் எவ்வளவு? 2500 கலோரியில் 250 எத்தனை சதவீதம்? லேபிளே பார்த்துப் பழகாதவர்கள் 0, 1-இல் குவிந்துவிடுவார்கள், ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. கணக்குதான் உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால் மட்டும் எடுங்கள்.

எஸ்-டோஃப்லாவில் இரண்டு பத்திகளைப் படித்து 36 கோடிட்ட இடங்களைச் சரியான சொல்லால் நிரப்ப வேண்டும், 7 நிமிடம். இரண்டாவது பத்தி அமெரிக்காவின் மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விண்ணப்பம். இங்கே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்போல ஒன்றை வைத்து எழுத வேண்டும், எழுதினால் புதுக் கருவியாகத்தான் சரிபார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை வேற்றுமை உருபு. "ரத்தப் பரிசோதனைக்கு வெறும் ____ வர வேண்டும்" என்பதற்கு வயிற்றோடு, மாத்திரையை, ஊசியால், சீட்டுக்கு என்று கொடுத்தால் இலக்கணமே விடையைக் காட்டிக்கொடுக்கும். வயிற்றோடு, கையோடு, காலோடு, சீட்டோடு என்று ஒரே உருபில் கொடுங்கள்.

கேட்டவர்
சரி. படிக்கத் தெரியாதவர்களை விலக்கிவிடலாமா?

பதில் 1
கூடாது. யாருக்குச் சிரமம் அதிகமோ அவர்களே கணக்கில் வரமாட்டார்கள். உடல்நலத் தகவலைத் தேடுவதும் புரிந்துகொள்வதும் எவ்வளவு எளிது என்று கேட்கும் ஐரோப்பியக் கேள்வித்தாளான எச்.எல்.எஸ்.-ஈ.யூ.-வின் 16 கேள்விகளை எல்லாரிடமும் வாயால் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்-தொடர்புச் சோதனையைச் சேருங்கள். 16-இல் "எளிது", "மிக எளிது" இரண்டுக்கும் 1, மற்றவற்றுக்கு 0. 14 கேள்விக்காவது பதில் வேண்டும். 0–8 போதாது, 9–12 சிக்கல், 13–16 போதும். இந்த இரு மதிப்பெண்களையும் கூட்டாதீர்கள். சொல் சோதனை செய்துகாட்டும் திறன், 16 கேள்வி தன்னைப் பற்றித் தானே சொல்வது. பொருந்தாமல் போனால் பதறவும் வேண்டாம்.

பதில் 2
வெள்ளைக் கோட்டோடு கேட்டால் "எளிதுதான் டாக்டர்" என்றே வரும். சிகிச்சை தராத ஒருவர் கேட்கட்டும். முதலில் எளிதா கடினமா, அடுத்து ரொம்பவா ஓரளவா என்று இரண்டு படியாகக் கேட்டால் நடு விடைகளும் கிடைக்கும்.

மொழிபெயர்க்குமுன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இருவர் தனித்தனியே தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இருவர் திருப்பி ஆங்கிலமாக்கட்டும். பிறகு சில நோயாளிகளிடம் "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள், பெரும்பாலான பிழை இங்கேதான் பிடிபடும். வாசிப்புச் சோதனைக்கு முன், அருகில் இருப்பது கண்ணாடியோடு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர் வாசிக்கத் திணறினால் அது லிட்டரசிக் கணக்கில் ஏறிவிடும்.