புது கார் நடுரோட்டில் நிற்கிறது: நியூ ஜெர்சி லெமன் சட்டம் (தீராத கோளாறுள்ள காருக்கு மாற்றுக் காரோ பணமோ வாங்கித் தரும் சட்டம்) உதவுமா?

எடிசனில் இருக்கிறேன். கார் வாங்கி எட்டு மாதம், 9,400 மைல். சிக்னலில் கிளம்பும்போது ஒரு குலுக்கு குலுக்கி அப்படியே நின்றுவிடுகிறது. போன வாரம் பின்சீட்டில் மகள், பின்னால் லாரி. கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை. மூன்று முறை டீலரிடம் ரிப்பேருக்கு விட்டாச்சு. “கோளாறு இல்லை” என்றே எழுதித் தருகிறார்கள்.

பதில் 1: தம்பி, அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். 2 ஆண்டு அல்லது 24,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு 3 முறை விட்டும் தீராவிட்டால் சட்டம் உங்கள் பக்கம். முதலில் தயாரிப்பு நிறுவனத்துக்கே ‘சர்டிஃபைட் மெயில்’ எனும் அத்தாட்சித் தபால் அனுப்புங்கள். சரிசெய்ய அவர்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, 10 நாள்.

பதில் 2: நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மைல் கணக்கு தெரியும்படி.

கேட்டவர்: நன்றி அண்ணா. மூன்றாவது தாளில் என் புகாரே இல்லை. நாளைக்கே போய் எழுதி வாங்குகிறேன்.