பாங்காக்கில் பொரித்த பூச்சிகள்: முதன்முறை உண்பவர் எதில் தொடங்கலாம்?

கூடல்வாசி (கேள்வி)
தை மாதம் நண்பர்கள் மூவருடன் பாங்காக் செல்ல இருக்கிறேன். காவ்சான் சாலையில் தள்ளுவண்டிகளில் தட்டுத்தட்டாகக் குவித்து விற்கப்படும் பொரித்த பூச்சிகளை ஒருமுறையாவது உண்டு பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. வீம்புக்காகவோ படம் எடுத்துப் போடவோ அல்ல. அங்குள்ளவர்கள் எந்தச் சுவைக்காக அதை விரும்புகிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். எதில் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது, வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உண்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அசைவம் எல்லாம் உண்பேன். இறால் மட்டும் ஒத்துக்கொள்ளாது, உதடு தடித்துவிடும்.

ஈசான் நண்பன்
பணிநிமித்தம் வடகிழக்குத் தாய்லாந்தின் கோன்கேன் நகரில் மூன்றாண்டுகள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். காவ்சான் சாலையில் குச்சியில் செருகி வைத்திருக்கும் தேள் சுற்றுலாப் பயணிகளுக்கானது. சில வண்டிகளில் படம் எடுப்பதற்கே பத்து பாட் கேட்டு அட்டை தொங்கும். அதைக் கடந்துவிடுங்கள். பூச்சி உண்பது முதன்மையாக வடகிழக்கிலுள்ள ஈசான் மக்களின் வழக்கம். அவர்கள் பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்தபோது அந்த ருசியும் உடன் வந்தது. எனவே மாலையில் வேலை முடிந்து செல்லும் உள்ளூர்க்காரர்கள் நின்று வாங்கும் வண்டியே நல்ல வண்டி.

தொடக்கத்துக்கு மூங்கில் புழு உகந்தது. மூங்கிலின் உள்ளே வளரும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழு அது. தாய் மொழியில் 'ரொத் துவன்', அதாவது விரைவு ரயில் என்பார்கள். பொரித்தபின் வாயில் போட்டால் சோளப்பொரிபோல் நொறுங்கும். அடுத்து வெட்டுக்கிளியை உண்ணலாம். பின்னங்காலில் ரம்பம்போல் முட்கள் இருப்பதால் காலையும் இறக்கையையும் கிள்ளி எறிந்துவிட வேண்டும், இல்லையேல் தொண்டையில் குத்தும். பட்டுக்கூட்டினுள் இருக்கும் கூட்டுப்புழு மாவுபோல் குழையும்; அதன் வாடை எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கடைக்காரர் சோயாச் சாற்றைத் தெளித்து வெள்ளை மிளகுத்தூள் தூவுவார். வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள், பாதிச் சுவை அதில்தான்.

மருந்தாளுநர்
முந்தைய மறுமொழி கேள்வியின் கடைசி வரியைத் தாண்டிப் போய்விட்டது. இறால், நண்டு ஆகியவற்றில் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் புரதம் டிரோப்போமயோசின். பூச்சியும் இறாலும் கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதியைச் சேர்ந்தவை ஆதலால், ஏறத்தாழ அதே புரதம் பூச்சிகளிலும் உண்டு, பொரிப்பதால் அது அழிந்துவிடுவதும் இல்லை. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் மாவுப்புழுவை உணவாக விற்க அனுமதித்தபோதே, இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டுமென விதித்தது. இன்று உதடு தடிப்பது அடுத்த முறை தொண்டை வீக்கமாக மாறக்கூடும். ஒவ்வாமை மருத்துவரைக் கேட்காமல் 'ஒன்றே ஒன்று' என்றுகூடத் தொடாதீர்கள்.

நண்பர்களுக்கும் ஒன்று: கெட்டுப்போகத் தொடங்கிய பூச்சியில், ஒவ்வாமை போன்ற தொல்லைகளைத் தரும் ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருள் சேர்ந்துவிட்டால் மறுபடி பொரித்தாலும் அது போகாது. வயலில் பிடித்த வெட்டுக்கிளியில் பூச்சிமருந்து இருக்கக்கூடும் என்பதால், பண்ணையில் வளர்த்த சுவர்க்கோழிப் பூச்சியே மேல். தாய்லாந்தில் அத்தகைய பண்ணைகள் சுமார் 20,000 இருப்பதாக உலக உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் குறிப்பிட்டது.

கூடல்வாசி
நல்லவேளை, அந்த வரியை எழுதினேன். ஆனால் ஓர் ஐயம். சிறுவயதில் மழை விட்ட மாலைகளில் பாட்டி ஈசலைப் பிடித்து வறுத்து, முறத்தில் இறக்கையைப் புடைத்தெடுத்து, பொரியரிசியோடு கலந்து தருவார், ஒன்றும் செய்ததில்லை. அதை வைத்து மற்ற பூச்சிகளும் ஒத்துக்கொள்ளும் என்று கருதலாமா?

மருந்தாளுநர்
கருதக் கூடாது. ஒவ்வாமை இடையில் வந்து சேர்வதும் உண்டு. ஈசல் தின்ற காலத்தில் இறாலும் ஒத்துக்கொண்டிருக்கலாம்.

ஈசான் நண்பன்
கவனியாமல் எழுதியது என் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள். பூச்சியை விட்டாலும் தாய்லாந்தில் இறால் உங்களை விடாது: பப்பாளிக்காய்க் கலவையான சொம் தாமில் உலர்ந்த இறாலும், பல மிளகாய்த் துவையல்களில் இறால் விழுதும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். 'பே குங்' என்றால் இறால் ஒவ்வாமை என்று பொருள். தங்கும் விடுதியில் அதைத் தாய் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உணவு சொல்லுமுன் காட்டுங்கள்.